ஒத்தைக் குரல்

மோட்டார் நின்ற அந்த நொடியில்தான் மரகதத்துக்கு அது கேட்டது. காலையிலிருந்து பம்ப்செட் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்ததில் அப்படி ஒரு சத்தம் இருப்பதே மறந்துபோயிருந்தது. கரண்ட் போய் அது சட்டென்று நின்றதும் காதில் ஏதோ அடைப்பு விட்டதுபோல ஆனது, அந்த வெறுமைக்குள் தோப்புப் பக்கமிருந்து மரகதம் என்று அவள் பெயர் வந்தது. அவருடைய குரல்தான். முப்பது வருஷமாகக் கேட்ட புருஷன் குரலில் சந்தேகம் எங்கிருந்து வரும். கட்டிலில் சாய்ந்திருந்தவள் ‘வரேன்’ என்ற சொல் நாக்கு நுனிக்கு வர, பாதி எழுந்தும்விட்டாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். நின்றவள் உதட்டை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டாள், வாய் தன்னை மீறி ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுமோ என்று. இன்னொரு தடவை கூப்பிடட்டும். உடம்பெல்லாம் காதாகக் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது, எங்கோ ஒரு மட்டை சரசரவென்று இறங்கித் தொப்பென்று விழுந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை யாரும் கூப்பிடவில்லை.

எல்லாம் அந்தப் பூவாத்தாள் செய்த வேலை. சமைத்துப் போட்டு, வீட்டைப் பெருக்கிவிட்டு, பொழுது உச்சிக்கு ஏறுவதற்குள் ஊருக்குள் இருக்கிற தன் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிற மனுஷி. வந்த நாளிலிருந்து ஒரு பேச்சு கூடுதலாகப் பேசினது கிடையாது. இன்றைக்குப் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டே, உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

“உச்சி நேரத்துல தோப்புக்குள்ள இருந்து ஆராச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஒடனே ஏன்னு கேட்டுப் போடாதீங்கம்மா. மனுசங்கன்னா மூணு வாட்டி கூப்புடுவாங்க. ஒத்தக் கொரலா வந்தா பேசாம இருந்துக்கோணும்.”

சாப்பாட்டு மேஜையில் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்த கதிரேசனுக்கு இது போதாதா. “ஏன், அதுக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா?” என்றார்.

“எண்ணறதுக்கென்னங்க. அதுக்கு மூச்சு அம்புட்டுத்தானுங்க. ஒருக்காக் கூப்புடத்தான் பத்தும்.”

“பதில் சொன்னா?”

“சொல்லக் கூடாதுங்க. சொன்னவங்களுக்கு ஆகாது.” அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. “வாரனுங்க” என்று கும்பிட்டுவிட்டு வரப்போடு போய்விட்டாள். அவர் நெஞ்சு குலுங்கச் சிரித்தார். சிரிக்காதீங்க, தையல் பிரியப்போகுது என்று இவள்தான் அதட்டினாள். தையலெல்லாம் எப்போதோ பிரித்தாகிவிட்டது, ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

மரகதம் கட்டிலில் திரும்ப உட்கார்ந்தாள். எழுந்தவள் போயிருக்க வேண்டும், உட்கார்ந்தாள். அவர் எங்கேயும் தூரம் போயிருக்க மாட்டார். வாய்க்கால் வரைக்கும் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்றுதான் போனார், தோப்புக்குள் எல்லாம் நிழல்தானே என்றார். போகட்டும் என்று விட்டாள். விட்டாள் என்ன, போனால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அது அவர் கூப்பிட்டதாக இருக்காது. அவருக்கு ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்தத் தெரியுமா? பஸ் டெப்போவில் கன்ட்ரோலராக இருந்த மனுஷன், மைக் வேலை செய்யாத நாளில் வெறும் தொண்டையாலேயே திருச்சி பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் டீ குடித்துக்கொண்டிருக்கிற டிரைவரை இழுத்து வந்தவர். வீட்டிலும் அதே கதைதான். மரகதம் என்று ஆரம்பித்தால் பதில் வருகிறவரைக்கும் மரகதம் மரகதம் மரகதம் என்று ஊரைக் கூட்டுவார். தண்ணிக்கு ஒரு மரகதம், ஃபேனைக் குறைக்க ஒரு மரகதம், பேப்பரில் வந்த துக்கச் செய்தியைப் படித்துக் காட்ட ஒரு மரகதம். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பெயரை அவர் வாயால் கேட்கும்போது காதோரம் சூடாகும். இப்போது பெயர் தேய்ந்து வெறும் சத்தமாகிவிட்டது. அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்துவாரா, நிறுத்த மாட்டார், ஆகவே அது அவரில்லை. அவரில்லை என்றால் யார்? இந்த இடத்துக்கு வந்ததும் மரகதத்தின் எண்ணம் கால் தடுக்கி நின்றது. பேய் பிசாசு என்றெல்லாம் நம்புகிறவள் இல்லை அவள். நம்பவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. இரண்டும் ஒரே மனசில் எப்படி இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்று அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. முதுகில் மட்டும் வியர்வை குளிர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் பின்னால் ஜன்னல் தெரிகிறது, ஜன்னலில் தோப்பு தெரிகிறது. வந்த முதல் நாள் தலை பின்னும்போதே அது பிடிக்கவில்லை. தென்னை மரங்களை நூல் பிடித்து நட்டிருக்கிறார்கள், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வரிசை. இப்படிப் பார்த்தால் ஒரு சந்து, கொஞ்சம் நகர்ந்தால் இன்னொரு சந்து, ஒவ்வொரு சந்தின் கடைசியிலும் அதே இருட்டுப் பச்சை. யாராவது நடந்தால் மரத்துக்கு மரம் மறைந்து மறைந்து தெரிவார்கள். இந்தப் பக்கம் மறைகிறவரும் அந்தப் பக்கம் தெரிகிறவரும் ஒருத்தர்தான் என்று நாமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேற்று அவர் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார், நீலக் கட்டம் போட்ட லுங்கி, ஒரு மரத்துக்குப் பின்னால் போனார், அடுத்த சந்தில் வரவில்லை. அவள் சீப்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பார்த்தால் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து எறும்புப் புற்றை ஆராய்ந்துகொண்டிருந்திருக்கிறார். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் தண்டபாணி அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், கோயம்புத்தூரில் இருக்கிறார். ஆனைமலைப் பக்கம் காற்றே மருந்துடா, போய் நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள் என்று சாவியைக் கையில் திணித்தார். நிம்மதி வேண்டுமென்று டாக்டரும் சொன்னார், மகளும் போனில் சொன்னாள். யாருக்கு வேண்டுமென்று மட்டும் ஒருவரும் பிரித்துச் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தி, நெஞ்சுவலி வந்த அன்றைக்கு, அவர் பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருந்தார். குழாய் திறந்தது திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று திட்டிக்கொண்டேதான் கதவைத் தள்ளினாள். சுவரில் சாய்ந்து, முகமெல்லாம் சாம்பல் பூத்து, வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், ஏங்க கூப்பிடலை என்று அழுதவளிடம், கூப்பிட்டேனே, எத்தனை தடவை கூப்பிட்டேன், நீ வரலையே என்றார். சத்தம் வெளியே வரவில்லை என்பது அவருக்குத் தெரியவே இல்லை. அதிலிருந்துதான் அந்தக் கூப்பிடுகிற பழக்கம் வியாதியாகிப்போனது. தண்ணிக்காகவும் ஃபேனுக்காகவும் கூப்பிடுகிறார் என்று முதலில் நினைத்தாள். ஒரு நாள் ஓடி வந்து என்னங்க என்றபோது அவர் கொஞ்சம் வெட்கப்பட்டு, ஒண்ணுமில்லை, சத்தம் வருதான்னு பார்த்தேன் என்றார். அன்றைக்கு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தது உண்மைதான். ஆனால் அதற்கு மறுநாளும் கூப்பிட்டார், அதற்கு மறுநாளும். கொதிக்கிற குழம்பை விட்டுவிட்டு ஓடினாள், குளிக்கிறபோது சோப்போடு ஓடினாள், கண் அயர்ந்த நேரத்தில் கூப்பிடாமலே கூப்பிட்டதாக நினைத்து ஓடினாள். வரேன், இதோ வரேன், வந்துட்டேன். இந்த மூன்று மாதமாக அவள் வேறு என்ன பேசியிருக்கிறாள்?

அதனால்தானா? மரகதம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அதனால்தான். பூவாத்தாள் பயமுறுத்தினாள், நான் பயந்தேன், அதனால் பதில் சொல்லவில்லை என்று இவ்வளவு நேரம் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாளே, அது பாதிப் பொய். பேசாம இருந்துக்கோணும் என்று அந்த மனுஷி சொன்னபோது பயமா வந்தது? அப்பாடா என்றுதான் இருந்தது. பதில் சொல்லாமல் இருக்க ஒரு நியாயம். வரேன் என்ற சொல்லை விழுங்கியபோது அது எவ்வளவு சுகமாக உள்ளே இறங்கியது. கால் நீட்டி உட்கார்ந்து, கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்று, மகாராணி மாதிரி, கொஞ்ச நேரம், கொஞ்ச நேரமென்றால் எவ்வளவு நேரம்? அவளுக்குத் திடுக்கென்றது. கரண்ட் போய் எவ்வளவு நேரமாகிறது? ஃபேன் நின்று அறை புழுங்கிப்போயிருந்தது. தரையில் விழுந்திருந்த ஜன்னல் வெயில் அப்போது கட்டில் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது, இப்போது தொடவில்லை. மூச்சு அம்புட்டுத்தானுங்க. யாருக்கு? பேய்க்கு மட்டும்தான் ஒரு தடவை கூப்பிடுகிற மூச்சா? பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லையே. இன்றைக்கு ஒன்று கிடைத்து, அதில் கூப்பிட்டு, அவள் வருவாள் என்று பார்த்துக்கொண்டே, ஐயோ, என்றாள் வாய்விட்டு. செருப்பு எங்கே என்று தேடியவள் அது காலிலேயே இருப்பதைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. களத்தில் காயப்போட்டிருந்த கொப்பரைத் தேங்காய்கள் எண்ணெய் வாசனையோடு வெடித்து வெடித்துக் கிடந்தன. தோப்புக்குள் நுழைந்தவுடன் அந்த வாசனை நின்றுபோய் ஈரமண் வாசனை வந்தது. காற்றில்லை. தலைக்கு மேலே ஒரு ஓலைகூட அசையவில்லை. அவள் நடக்கிறதுதான் சத்தம், அதுவும் பக்கத்து வரிசையில் யாரோ கூடவே நடக்கிறமாதிரி காய்ந்த மட்டையில் இரண்டாகக் கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டாள், பார்த்தாள், சந்து, சந்தின் முடிவில் இருட்டுப் பச்சை. வாய்க்காலோரம் சேற்றில் செருப்புத்தடம் இருந்தது. இவருடையதா, தண்ணீர் பாய்ச்சுகிறவருடையதா? தடம் கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் நீளநீளமாக எட்டு வைத்து, பாழுங்கிணறு இருக்கிற பக்கம் திரும்பியது. ஓடினவன் தடம். இவர் ஓடக் கூடாது. மாடி ஏறவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், இவர் எதற்கு ஓட வேண்டும்? மரகதத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கூப்பிடு, கூப்பிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. “ஏங்க!” என்று கத்தினாள். ஏங்க என்றால் யாரை? இந்தத் தோப்பில் யார் வேண்டுமானாலும் அதற்குத் திரும்பலாம். அவர் பெயரைச் சொல்லி அவள் இதுநாள் வரைக்கும் கூப்பிட்டதில்லை. அம்மா சொல்லி வளர்த்தது, சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று. ஆஸ்பத்திரியில் நோயாளி பெயர் என்ன என்று கேட்ட நர்ஸிடம் கூட, அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள். அந்தப் பெண் ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். நெஞ்சைப் பிளந்து உயிரைக் காப்பாற்றுகிற இடத்தில் நின்றுகொண்டு ஆயுசைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் இவள். “ஏங்க! ஏங்க!” எங்கோ ஒரு மயில் அகவியது. கதிரேசன் என்ற பெயர் நாக்கின் அடியில் வந்து நின்றது, வாயைத் திறந்தாள், வரவில்லை. குறைய என்ன மிச்சமிருக்கிறது ஆயுசு என்று ஒரு எண்ணம் வந்தது பார், அதற்காகத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அப்போதுதான் ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் நடுவில் நீலக் கட்டம் தெரிந்தது. மறைந்தது. அடுத்த சந்தில் மறுபடியும் தெரிந்தது. கிணற்றுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார், ஒவ்வொரு மரத்தையும் கையால் பிடித்துப் பிடித்து. சட்டை முழுக்க நனைந்து மேலோடு ஒட்டியிருந்தது. மரகதம் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். கை சூடாக இருந்தது, கனமாக இருந்தது, மனுஷக் கைதான். அவரைப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார வைத்து, பிளவுஸுக்குள் எப்போதும் வைத்திருக்கிற மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், தலையிலிருந்து கால்வரைக்கும், ஏதோ காணாமல் போன சாமானைத் திரும்பப் பார்க்கிறமாதிரி.

“உனக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார்.

“எனக்கென்ன? நீங்க எதுக்கு ஓடினீங்க?”

“நீதானே கூப்பிட்டே.” மூச்சு வாங்கியது அவருக்கு. “மோட்டார் நின்னுச்சு பாரு, அப்போ. கிணத்துப் பக்கமிருந்து. கதிரேசன்னு. பேரைச் சொல்லி! இத்தனை வருஷத்துல நீ என் பேரைச் சொல்லிக் கேட்டதே இல்லையா, என்னமோ ஆகிப்போச்சு, உள்ள விழுந்துட்டியோன்னு நினைச்சேன். இதோ வந்துட்டேன் மரகதம்னு கத்திக்கிட்டே ஓடினேன். எட்டிப் பார்த்தா ஒண்ணும் இல்ல.”

கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார். மரகதம் என்று அவர் கூப்பிட்டது அதுதானா, அந்த ஒரு தடவை, பதிலாக வந்ததா அது? இல்லை, அவள் காதில் விழுந்தது ஓடுகிறவன் குரல் இல்லை. மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிடுகிற குரல். அதை யோசிக்க முடியவில்லை அவளால். யோசிக்க முடிந்ததெல்லாம் ஒன்றுதான். ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் ஏதோ ஒன்று கூப்பிட்டிருக்கிறது. வீட்டில் அவள் உதட்டை மடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இவர், தைத்து ஒட்டிய நெஞ்சோடு, ஒத்தைக் குரலா மூன்று குரலா என்று எண்ணிப் பார்க்காமல், வந்துட்டேன் என்று பதில் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார். பதில் சொல்லிவிட்டார். சொன்னவங்களுக்கு ஆகாது.

“என்ன முழிக்கிறே?” என்றார் கதிரேசன். “அப்போ நீ கூப்பிடலையா?”

காலையில் சிரித்த வாய் இப்போது சிரிக்கவில்லை. கண் மெல்ல மெல்லப் பெரிதானது, கை தானாக எழுந்து நெஞ்சுக்குப் போனது. அவர் பின்னால் திரும்பிக் கிணற்றுப் பக்கம் பார்க்கப் போனார். மரகதம் இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நான்தான் கூப்பிட்டேன்” என்றாள்.

“நீயா?”

“பின்ன யாரு இருக்கா இங்க? சாப்பிட்டுப் படுக்காம எங்க போய்ச் சுத்தறீங்கன்னு கூப்பிட்டேன். ஏங்க ஏங்கன்னா உங்களுக்கு எங்க காது கேக்குது.”

“கிணத்துப் பக்கமிருந்துல்ல கேட்டுச்சு?”

“தோப்புக்குள்ள சத்தம் எங்கெங்கயோ போய் இடிக்குது. நான் வீட்டுக்கிட்டதான் நின்னேன்.”

அவர் அதை எடைபோட்டுப் பார்த்தார். நம்பட்டும், கடவுளே, நம்பட்டும் என்று நின்றாள் அவள். நெஞ்சிலிருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. “ஒரு தடவைதானே கூப்பிட்டே” என்றார் குழந்தை மாதிரி.

“அதுக்குள்ள நீங்க கத்த ஆரம்பிச்சா மீதியை எங்க கூப்பிடறது?”

அவர் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை, பாதியில் இருமலானது, ஆனாலும் சிரித்தார். மரகதம் அவர் பக்கத்தில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஒரு தடவை கூப்பிட்டாகிவிட்டது, அது இனி அவளுடையது. மூன்று ஆனால் மனுஷக் குரல், இன்னும் இரண்டுதான் வேண்டும். தோப்பு முழுக்கக் கேட்கட்டும் என்று தலையை நிமிர்த்தி, கணீரென்று, “கதிரேசன்!” என்றாள். அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நாடி தப்பித் தப்பி அடித்துக்கொண்டிருந்தது.

“கதிரேசன்” என்றாள் மறுபடியும், இந்தத் தடவை அவர் காதுக்கு மட்டும்.

“ஏன்?” என்றார் அவர்.